மாமனுக்கு ஆகாத பல்

கரண்டி எதிலோ பட்டு ‘டிக்’ என்றது.

நிலாணி அப்படியே நின்றுவிட்டாள். குசினி மேசையருகில் உயரக் கதிரையில் இருந்த மகள் அட்சயா, அரிசிமாக் கஞ்சியை நாடிவழியே வழியவிட்டுக்கொண்டு அடுத்த வாய்க்காக ஆவென்று திறந்தாள். ஆறு மாதக் குழந்தை. எந்தத் தாயும் துள்ளிக் குதிக்கிற சத்தம் அது. முதல் பல்! நிலாணியும் துள்ளத்தான் போனாள். கையைக் கழுவிவிட்டு வந்து சுட்டுவிரலைக் குழந்தையின் கீழ் முரசில், பல் முளைக்கிற ஈறில், வைத்துத் தடவினாள். வழுவழுவென்று வெறும் தசைதான் இருந்தது. விரல் தன்பாட்டில் மேலே போனது. அங்கே, நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, குறுணி அரிசி மாதிரி ஒன்று குத்தியது.

விரலைச் சட்டென்று வெளியே இழுத்தாள்.

மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது. தாயோடு கூடப் பிறந்தவனுக்குக் கண்டம். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நம்பாதவர்களும் பல் கீழே முளைத்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் முதல் பல்லைக் கொண்டாடுகிற பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். அட்சயாவுக்கு இருந்தது ஒரேயொரு மாமன். நிலாணியின் தம்பி வாகீசன். அவன் அப்போது எங்கே இருக்கிறான் என்று இந்த உலகத்தில் எவருக்கும் தெரியாது.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசி மாதம். வாகீசன், கனடாவுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பில் விமானம் ஏறி மொஸ்கோவில் இறங்கியவன். கார்த்திகையில் அங்கிருந்து ஒருமுறை போன் எடுத்தான். குளிரைத் தாங்கலாம் அக்கா, சாப்பாட்டைத்தான் தாங்கேலாது என்று பகிடி விட்டான், அடுத்த கிழமை வெளிக்கிடுறம் என்றான். அதோடு பேச்சு மூச்சில்லை. ஏஜென்சிக்காரனின் இலக்கத்துக்கு அடித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

நிலாணி எப்படிப்பட்டவள் என்று சொன்னால்தான் இனி நடப்பது விளங்கும். தம்பியைவிட ஏழு வயது மூத்தவள். சின்ன வயதில் அவனை எந்நேரமும் இடுப்பில் காவித் திரிந்ததில் அவளுடைய நடையே ஒரு பக்கம் சரிந்துபோனது. இருபத்திரண்டு வயதில் மிதுனனைக் கலியாணம் முடித்து ரொறன்ரோவின் டோர்செட் பார்க்குக்கு வந்தாள், வந்த மாதமே மஃபின் சுடும் பக்ரறியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை செய்ததெல்லாம் தம்பியைக் கனடாவுக்கு எடுப்பதற்குத்தான். இன்னொன்றும் உண்டு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்துவிடும். முன்னூற்றிநாலு சீட்டு விளையாட உட்கார்ந்தால் மிதுனன் அவளைத் தன் பக்கம் சேர்க்கமாட்டான். இவவின்ர காதைப் பார்த்தே கையில என்ன சீட்டெண்டு எதிராளி சொல்லிப்போடுவான் என்று கூட்டாளிகளுக்கு முன்னாலேயே நெளித்துக் கேலி பண்ணுவான்.

அப்படிப்பட்டவள் ஒரு பல்லை ஒளித்து வைத்தாள்.

யாராவது கதவைத் தட்டினால் முதலில் ரப்பர் சூப்பி குழந்தையின் வாய்க்குள் போகும், பிறகுதான் கதவு திறக்கும். மிதுனனுக்கும் சொல்லவில்லை. அவன் பிளாஸ்ரிக் பக்ரறியில் சனிக்கிழமையும் சேர்த்து வேலை செய்கிறவன், வீட்டில் இருக்கும் நேரத்தில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு நித்திரையாகிவிடுவான். சொன்னால் சிரிப்பான். அவன் சிரித்துவிட்டால் தம்பியின் உயிர் ஒரு பகிடியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். ஒவ்வொரு காலையும் குழந்தையின் கீழ் முரசைத் தடவிப் பார்ப்பாள். ஒன்று, ஒரேயொரு சின்னப் பல் கீழே வந்துவிட்டால் போதும், எது முதலில் வந்ததென்று யார் பார்க்கப் போகிறார்கள்? கீழ் முரசு அசைந்து கொடுக்கவில்லை. மேற்பல்லோ வெள்ளையாக வெளியே வந்து, குழந்தை சிரிக்கும்போதெல்லாம் மினுங்கியது.

மங்கையற்கரசியின் கண்ணுக்குத் தப்புமா அது?

மங்கையற்கரசி மிதுனனின் மூத்த அக்கா. குடும்பத்தில் முதலில் கனடாவுக்கு வந்து மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராக இழுத்து எடுத்தவள். யூனியன்வில்லில் வீடு, தானே ஓட்டிவருகிற கார். வந்தால் கறிச்சட்டியோடுதான் வருவாள். அன்றைக்கும் நண்டுக்கறியோடு வந்து, சப்பாத்தைக் கழற்றி, குழந்தையைத் தூக்கி, சூப்பியை இழுத்து எடுத்து, “என்னடி உனக்கு எந்நேரமும் இது?” என்று கேட்டாள். அட்சயா மாமியைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

மங்கையற்கரசி கத்தவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சோபாவில் இருந்தாள்.

“எத்தினை நாளாப் பிள்ளை?”

நிலாணியின் காது சிவந்தது. பதில் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் மங்கையற்கரசியைக் கெட்டவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவள் பிறகு சொன்னதைக் கேளுங்கள்.

“எனக்கும் சொன்னவை. என்ர பெரியவனுக்கு மேல் பல்லு வந்தோடனை மாமி படிச்சுப் படிச்சுச் சொன்னவ. நான் சிரிச்சனான். எங்கட பெரியண்ணையும் சிரிச்சவர். ‘மருமோன் என்னைக் கடிக்கப் போறானாம்’ எண்டு விரலை வாய்க்குள்ள விட்டு விளையாடினவர். அடுத்த கிழமை உவனுக்குத்தான் பால்மா ரின் வாங்கப் போனவர். ஊரடங்குக்கு முதல் வந்திடுவன் எண்டு போனவர்.”

அவர் வரவில்லை. எண்பத்தேழாம் ஆண்டு. உடம்பும் கிடைக்கவில்லை. இந்த வீட்டில் பெரியண்ணையின் பெயரை எடுத்தால் மிதுனன் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவான், அதனால் யாரும் எடுப்பதில்லை. பல்லின் கதை நிலாணிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“அவனுக்கு அந்தப் பல்லு விழுந்து வேறையும் முளைச்சிட்டுது,” என்றாள் மங்கையற்கரசி. “நான் இண்டைக்கும் பழைய பல்லைத்தான் பாக்கிறன்.”

சுவரில் தொங்கிய போனை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அது சும்மா தொங்கியது.

வழியிருக்கிறது என்றாள் மங்கையற்கரசி. மில்லிக்கனில் ஒரு பிளாஸாவில் நகைக்கடை, அங்கே நகை செய்கிற அன்புராசா வீடு வீடாய்ப் போய்க் குழந்தைகளுக்குக் காது குத்துகிறவர். கை சுத்தம். இப்படிப் பல்லும் எடுத்திருக்கிறார். எடுத்த பல்லைத் துணியில் முடிந்து ஏரியில் போட்டுவிட்டால் தோஷம் தண்ணீரோடு போய்விடும். மிதுனனுக்குச் சொல்லவேண்டாம், அவன் ஆம்பிளை, அவனுக்கு உதுகள் விளங்காது. பிறகு முளைக்கத்தானே போகிறது, பாற்பல்தானே.

நிலாணி ஓம் என்று சொல்லவேயில்லை. “நோகுமோ மச்சாள்?” என்றுதான் கேட்டாள். அதுவே ஓம் ஆகிப்போனது.

சனிக்கிழமை மத்தியானம் அன்புராசா வந்தார். மெலிந்த மனிதர், வாயைத் திறந்து கதைக்கக் கூச்சப்படுகிற ஆள். சின்னப் பெட்டியைத் திறந்து குறடு ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டார். வளையல் கொக்கியை நெளிக்கிற குறடு அது. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழந்தையின் மேல் முரசில் வைத்தார். பிறகு விரலால் பல்லை அசைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை அசைத்தார். விரலை வெளியே எடுத்துவிட்டார்.

“தங்கச்சி, நான் முதல் எடுத்தது ரண்டும் ஆடின பல்லு. பிறக்கேக்கையே இருந்ததுகள், நகத்தாலயே வந்தது. இது இறுகியெல்லோ இருக்கு.”

“இறுகியிருந்தால் இன்னும் இறுக முதல் எடுக்கவேணும்,” என்றாள் மங்கையற்கரசி.

அன்புராசா அவளைப் பார்க்கவில்லை, நிலாணியைப் பார்த்தார். தாய் சொல்லட்டும் என்று நின்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டியிருந்தால் அவர் சந்தோஷமாய்ப் பெட்டியை மூடியிருப்பார், அது முகத்திலேயே தெரிந்தது. நிலாணி போனைப் பார்த்தாள். மொஸ்கோவில் எத்தனை பாகை குளிர் என்று காலையில் தொலைக்காட்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. தம்பியின் காலில் என்ன சப்பாத்து இருக்கும் என்று ஓர் எண்ணம் ஓடியது.

தலையை அசைத்தாள். ஓம் என்று.

குழந்தையின் தலையை அசையாமல் பிடித்தது வேறு யாருமில்லை. பெற்ற தாயின் இரண்டு கைகள். அம்மா பிடிக்கிறாள் என்று அட்சயா முதலில் சிரித்தாள், விளையாட்டென்று எண்ணியிருப்பாள். அந்தச் சிரிப்பை எழுதக் கை வரமாட்டேனென்கிறது. குறடு பிடித்தது, வழுக்கியது, திரும்பப் பிடித்தது. குழந்தை வீரிட்ட சத்தத்தில் மேல்மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள். ஒரு திருகு. பல் வந்துவிட்டது. இளஞ்சிவப்புத் தசைத்துண்டு ஒன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மங்கையற்கரசி அதை மஞ்சள் துணியில் முடிந்து கைப்பைக்குள் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நிற்கும் என்றார்கள். பஞ்சு வைத்தார்கள், பஞ்சு சிவந்தது. அடுத்த பஞ்சு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தார்கள், குழந்தை தலையை அங்குமிங்கும் அடித்தது. அழுகிற குழந்தை இரத்தத்தைத் துப்பாது, விழுங்கும். விழுங்கி விழுங்கித்தான் கொஞ்ச நேரத்தில் நிலாணியின் மடியெல்லாம் கறுப்பாகச் சத்தியெடுத்தது. சத்தியெடுக்கும்போது புரையேறி இருமத் தொடங்கியது, இருமல் நிற்கவில்லை. அன்புராசா பெட்டியை மூடிவிட்டு எழும்பினார். “அக்கா, இது என்ர கைக்கு மிஞ்சிப் போச்சு. ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டு போங்கோ,” என்றார். இன்னும் ஒரு பஞ்சு வைத்துப் பார்ப்போம் என்றாள் மங்கையற்கரசி. அவர் திரும்பவும் அதையே சொன்னார்.

அட்சயாவின் அழுகை குறைந்துகொண்டு வந்தது. அழுகை குறைந்ததும் மங்கையற்கரசி, பார்த்தியோ, அடங்குறாள் என்றாள். நிலாணி மகளின் உதட்டைப் பார்த்தாள். உதடு வெளிறிப் போயிருந்தது. குளிர்ச்சட்டையும் போடாமல், அகப்பட்ட சால்வையைத் தலையில் போட்டு, குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினாள். எலிவேற்றர் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கியது.

காரில் மங்கையற்கரசி வீதியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“விழுந்ததெண்டு சொல்லு. கட்டிலின்ர கம்பியில அடிபட்டதெண்டு சொல்லு. நாங்களா எடுத்ததெண்டு தெரிஞ்சால் சில்ரன்ஸ் எய்ட் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடும். விளங்குதோ? திருப்பித் தரமாட்டாங்கள்.”

பிள்ளைகளைப் பாதுகாக்கும் அந்த அமைப்பைப் பற்றிய பயம் அந்த நாட்களில் ஒவ்வொரு தமிழ் வீட்டுக்குள்ளும் இருந்தது. பிள்ளையின் முதுகில் தடி அடையாளம் இருந்ததற்காக இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனார்களாம் என்று சலவை அறையில் கதை அடிபடும். எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது, கதை மட்டும் மாடிக்கு மாடி ஏறும். நிலாணி குழந்தையின் மூக்கருகில் புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

எமேர்ஜென்சியில் அவர்களை வரிசையில் விடவில்லை, நேரே உள்ளே எடுத்தார்கள். அதுவே நல்லதுக்கில்லை என்று நிலாணிக்கு விளங்கியது. மொழிபெயர்க்க செலீன் என்றொரு பெண் வந்தாள். மன்னார்ப் பக்கம், கழுத்தில் சின்னச் சிலுவை, நிதானமான குரல். டொக்டர் கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொல்வாள், தன்பாட்டில் ஒரு சொல் சேர்க்கமாட்டாள்.

எப்படி நடந்தது?

“விழுந்திட்டா,” என்றாள் நிலாணி. “கட்டில் கம்பியில.”

காது இரண்டும் பற்றி எரிந்தன. நல்லவேளை, தலையில் சால்வை. டொக்டர் குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். உதட்டில் காயமில்லை, நாடியில் அடிபட்ட கண்டலில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“பல்லு எங்கை எண்டு கேக்கிறார்,” என்றாள் செலீன்.

யாருமே எதிர்பார்க்காத கேள்வி. காரில் வந்த வழியெல்லாம் யோசித்துக் கட்டிய பொய்யில் பல்லுக்கு இடம் வைக்கவில்லை.

“தெரியாது.”

கட்டிலில் தேடினீர்களா? தரையில்? தேடினோம், கிடைக்கவில்லை. சொல்லச் சொல்லப் பொய் தானாக நீண்டது. மங்கையற்கரசி பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையை எக்ஸ்றே படம் எடுக்கக் கொண்டு போனார்கள். குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கொண்டுவந்தபோது கையில் ஊசி, ஊசியில் ஒரு குழாய். அட்சயா இருமிக்கொண்டே நித்திரையாகி, நித்திரையிலும் இருமினாள். அதற்குள் மிதுனன் வந்துவிட்டான். அக்கா பக்ரறிக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள், விழுந்ததென்றுதான். பிளாஸ்ரிக் தூசு படிந்த உடுப்போடு வந்தவன் மகளின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றான்.

டொக்டர் திரும்பி வந்தார். இந்த முறை இன்னொருவரும் கூட. செலீன் அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். குழந்தையின் இரத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. வலப்பக்க நுரையீரலில் காற்றுப் போவது சரியாகக் கேட்கவில்லை, படத்திலும் ஒரு மங்கல். பல் காணாமல் போயிருப்பதால் அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும் என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் விட்டு வைக்கமுடியாது. மயக்க மருந்து கொடுத்து, தொண்டைவழியே குழாய் விட்டுத் தேடிப் பார்க்கவேண்டும்.

“இவ்வளவு இரத்தம் போன ஆறு மாசக் குழந்தைக்கு மயக்கம் குடுக்கிறது ஆபத்து எண்டு சொல்லுறார்,” என்றாள் செலீன். கொஞ்சம் நிறுத்தினாள். “பல்லு உள்ளுக்க இருந்தால் எடுக்காமல் விடுறது அதைவிட ஆபத்தாம். நீங்கள் சம்மதிக்கவேணும்.”

மிதுனனிடம் பேனையை நீட்டினார்கள். அவன் வாங்கிவிட்டான்.

பல் நாலடி தூரத்தில், ஒரு கைப்பைக்குள், மஞ்சள் துணியில் இருந்தது. இல்லாத பல்லைத் தேடி மகளின் தொண்டைக்குள் குழாய் விடப்போகிறார்கள். நிலாணி மங்கையற்கரசியைப் பார்த்தாள். மங்கையற்கரசி தரையைப் பார்த்தாள். சொன்னால் பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால்? நிலாணி சால்வையைத் தலையிலிருந்து இழுத்தாள்.

“கையெழுத்து வைக்காதேங்கோ.”

மிதுனன் திரும்பினான். அவளுடைய காதைப் பார்த்தான். அவ்வளவு நேரமும் விளங்காதது அந்த நிமிசம் பாதி விளங்கியிருக்கவேணும், பேனை கையிலேயே நின்றது.

“மச்சாள், பல்லைத் தாங்கோ,” என்றாள் நிலாணி.

“பிள்ளை, யோசிச்சுக் கதை. பிள்ளையை எடுத்துப்போடுவாங்கள்.”

“எடுக்கிறதெண்டால் உயிரோட எடுக்கட்டும்.”

செலீன் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மங்கையற்கரசியின் விரல்கள் கைப்பைப் பூட்டில் வழுக்கின. திறக்க அவளுக்கு மெத்த நேரம் எடுத்தது, ஆனால் திறந்தாள். மஞ்சள் முடிச்சை நிலாணியின் கையில் வைத்தாள், நிலாணி அதை அவிழ்த்து டொக்டரின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பல், மாமன், மொஸ்கோ, குறடு, தான் தலையைப் பிடித்தது. செலீன் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள், ‘நான் பிடிச்சனான்’ என்ற இடத்தில் மட்டும் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள்.

டொக்டர் பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடையவில்லை, முழுப் பல். அப்படியானால் நுரையீரலுக்குள் இருப்பது புரையேறிய இரத்தம்தான், குழாய் வேண்டாம், மருந்தோடும் கண்காணிப்போடும் தெளியும். முரசைத் தைத்தார்கள். இரத்தம் ஏற்றினார்கள். அதன்பிறகுதான் டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இப்படி வருகிற முதல் குழந்தை இது இல்லையாம். கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த சில குடும்பங்களின் பிள்ளைகளிலும் பார்த்திருக்கிறாராம். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் முரசுக்குள் இருக்கும் புழுதான் காரணம் என்று நம்பி, முளைக்காத பல்லையே தோண்டி எடுத்துவிடுவார்களாம். காய்ச்சல் அங்கேயே இருக்கும், பிள்ளை இரத்தம் போயும் கிருமி தொற்றியும் வரும், சிலது வராமலே போய்விடும். எல்லாத் தாய்மாரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் செய்தார்கள் என்றார். அவர் ஏசியிருந்தால் நிலாணிக்குத் தாங்கியிருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரி நடையில் வைத்து மிதுனன் ஒன்றுதான் கேட்டான். “என்னட்ட ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் சிரிச்சிருப்பியள்.”

“ஓம், சிரிச்சிருப்பன். சிரிக்க விட்டிருக்கலாமே, நிலா.”

சில்ரன்ஸ் எய்ட் வந்ததுதான். ஒரு பெண் வீட்டுக்கு வந்து தொட்டிலைப் பார்த்தாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், நிலாணியிடம் கேட்டாள், நிலாணி ஒன்றையும் ஒளிக்கவில்லை. சில மாதம் வந்துபோனாள், பிறகு வரவில்லை. பிள்ளையை யாரும் தூக்கவில்லை. அன்புராசா காது குத்தப் போவதையும் விட்டுவிட்டார், யாராவது கேட்டால் கண் தெரியவில்லை என்பாராம். அட்சயாவுக்குத் தைத்த இடத்தில் பிறகு சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது, இன்னொரு தடவை ஆஸ்பத்திரி. அதைவிட நெஞ்சைப் பிசைந்தது வேறொன்று. கரண்டியைக் கண்டால் குழந்தை வாயை இறுக்கி மூடும். அம்மாவின் கை முகத்தருகே வந்தால் தலையைத் திருப்பும். மாதக்கணக்காக. நிலாணி கஞ்சியைத் தன் விரலில் தொட்டு, தரையில் படுத்து, குழந்தை தானாக நக்க வரும்வரை காத்திருந்து தீத்தினாள்.

வாகீசன்? சித்திரையில் போன் வந்தது. போலந்து எல்லையில் பிடிபட்டு மறியல்சிறையில் இருந்திருக்கிறான். மார்கழியிலேயே பிடிபட்டவன். பல் முளைக்க முதலே உள்ளே போனவன், பல்லைப் பிடுங்கிய பிறகும் உள்ளேதான் இருந்தான். தொண்ணூற்றாறில் ஒருவழியாக ரொறன்ரோ வந்து சேர்ந்து, மருமகளின் மேல்வாயில் இருந்த ஓட்டையைப் பார்த்து இது என்ன என்று கேட்டான். நிலாணி சொன்னாள்.

“பல்லாலயோ அக்கா நான் உள்ளுக்க போனனான்? அந்த நாசமாப்போன ஏஜென்சிக்காரனாலயெல்லோ. பிடுங்கிறதெண்டால் அவன்ர பல்லைப் பிடுங்கியிருக்கவேணும்.”

சொல்லிவிட்டு எழும்பிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, நெடுநேரம் கேட்டது.

இனிக் கடைசியாக ஒன்று. தொண்ணூற்றொன்பது தை மாதம். நிலாணிக்கு இரண்டாவது பிள்ளை, ஆண், ஏழு மாதம். அதே குசினி மேசை, அதே கதிரை. கரண்டி ‘டிக்’ என்றது. அவள் விரல் கீழே போகவேயில்லை, நேரே மேலே போனது. இருந்தது.

அவள் முதலில் போன் எடுத்தது தம்பிக்கு.

“உன்ர மருமோனுக்கு மேல முளைச்சிட்டுதடா.”

அந்தப் பக்கம் வாகீசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். “என்ன செய்யப் போறாய்?”

“கொழுக்கட்டை அவிக்கப் போறன். ஞாயிற்றுக்கிழமை வா.”

ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மங்கையற்கரசி காலையில் வெள்ளெனவே வந்துவிட்டாள். இந்த ஐந்து வருசத்தில் பல்லைப் பற்றி அவளும் நிலாணியும் ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை, கொழுக்கட்டை விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாய்க் குத்திக்கொண்டிருந்தாள். சின்னவனின் வாயை ஒரு தடவை பார்த்தாள், திரும்பக் கொழுக்கட்டைக்குப் போனாள். வாகீசன் மில்லிக்கனிலிருந்து காரில் வரவேண்டும். வருகிறேன் என்ற நேரம் கடந்தது. போன் எடுத்தால் வீட்டில் இல்லை. கொழுக்கட்டை ஆறத் தொடங்கியது. மிதுனன் வானொலியைத் திறந்தான், எந்த எந்த வீதியில் விபத்து என்று சொல்லத் தொடங்கியதும் மூடினான். நிலாணி யன்னலருகில் நின்று கீழே வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தாள். வெள்ளை, வெறும் வெள்ளை. பக்கத்தில் மங்கையற்கரசி வந்து நின்றாள். இருவருடைய மூச்சும் கண்ணாடியில் படிந்தது. நம்பிக்கை விட்டுப்போய்விடும், பயம் அப்படி இலேசில் போகாது. பிடுங்கியிருக்கலாமோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிலாணியின் மனதில் ஓடியது. உடனே திரும்பி மகள் அட்சயாவைப் பார்த்தாள். அவள் தம்பிக்குக் கிலுக்கு ஆட்டிக்கொண்டு, மேல்வாயின் ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் இருக்கிற பல்லின் குருத்தும் அடிபட்டிருக்கும், அடுத்த பல் எப்படி வருமோ, வராதோ, ஏழு வயதில்தான் தெரியும் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார்.

கதவு தட்டப்பட்டது.

தலையெல்லாம் பனியோடு வாகீசன் நின்றான். யாருடைய காரோ பனியில் புதைந்துவிட்டதாம், தள்ளிவிட்டு வந்தானாம். நிலாணி அவனை ஏசத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தி அவன் தோளிலிருந்த பனியைத் தட்டினாள், தட்டிக்கொண்டே நின்றாள். அவன் அவளை மெல்ல விலக்கிவிட்டு நேரே போய் மருமகனைத் தூக்கி மடியில் வைத்தான்.

“எங்கை, உந்த என்ர கண்டத்தைக் காட்டு பாப்பம்,” என்று சுட்டுவிரலை வாய்க்குள் விட்டான்.

மங்கையற்கரசி பாதி எழும்பினாள். கை முன்னால் நீண்டது. பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய பெரியண்ணையின் விரல் அவள் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கவேணும். சின்னவன் அழுத்திக் கடித்தான்.

“ஆ,” என்றான் வாகீசன்.

“மாமா, டிட் ஹீ பைற் யூ?” அட்சயா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாகீசன் விரலை எடுத்து எச்சிலோடு மங்கையற்கரசியிடம் நீட்டினான். நுனியில் சின்னதாய் ஒரு பள்ளம். அவள் அந்த விரலைப் பிடித்தாள். தடவிப் பார்த்தாள். இன்னும் தடவினாள். கொழுக்கட்டை ஆறுது அக்கா என்று மிதுனன் சொல்லும்வரை அவள் அந்த விரலை விடவில்லை.